‘தறியே நீ சாட்சி’க்கு விழுந்த ரிஜெக்ட்

ஆத்தப்பன் பயந்தது ஒரே ஒரு சொல்லுக்குத்தான். அந்தச் சொல் அவருடைய பனியன் கம்பெனிக்குள் யார் வாயிலும் வரக் கூடாது. செக்கிங் டேபிளில் ஓட்டை விழுந்த டி-சர்ட் கிடைத்தால்கூட “சரியில்லீங்க” என்றுதான் சொல்ல வேண்டும். ‘ரிஜெக்ட்’ என்று சொன்னால் அன்றைக்கு அவர் மதியச் சாப்பாடு சாப்பிட மாட்டார். வடக்கே இருந்து வேலைக்கு வரும் பையன்களுக்கு முதல் நாள் சொல்லித்தரப்படும் தமிழே “சரியில்லீங்க” என்பதுதான். அவர்களில் சிலர் அதை வணக்கம் என்று நினைத்துக்கொண்டு, காலையில் முதலாளி காரைவிட்டு இறங்கியதும் கைகூப்பி “சரியில்லீங்க” என்று சொல்லிவந்தார்கள். அவரும் தலையசைத்து ஏற்றுக்கொண்டார்.

அப்படிப்பட்ட சொல் ஒரு வியாழக்கிழமை காலை, காப்பி குடிக்கும் நேரத்தில், கைப்பேசி வழியாக அவர் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. அதுவும் டி-சர்ட்டுக்கு வரவில்லை. அவர் நடித்த படத்துக்கு வந்தது.

“தறியே நீ சாட்சி. டிஸ்க் விமர்சனம். மதிப்பீடு: எக்ஸ்போர்ட் ரிஜெக்ட்.”

ஆத்தப்பன் படம் எடுத்த கதை திருப்பூரில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் அவர் எதிரில் பேச மாட்டார்கள். முப்பது வருஷத்துக்கு முன்னால், அவருக்கு மீசையும் ஆசையும் ஒரே அளவில் அடர்த்தியாக இருந்த காலத்தில், அவரே தயாரித்து அவரே கதாநாயகனாக நடித்த படம் அது. ஏழை நெசவாளி ஒருவன்மீது கொலைப்பழி விழுகிறது. அவனுக்காகச் சாட்சி சொல்ல ஊரில் ஒருவரும் வரவில்லை. கடைசியில் அவனுடைய தறியையே நீதிமன்றத்துக்குத் தூக்கிவந்து கூண்டில் ஏற்றுகிறார்கள். நீதிபதி தறியைப் பார்த்து, “நீ என்ன சொல்கிறாய்?” என்று கேட்கிறார். தறி தானாக ஓடி, கொலைகாரனின் முகத்தைத் துணியில் நெய்து காட்டுகிறது. விடுதலையான நெசவாளி, சந்தோஷம் தாங்காமல் மனைவியின் மடியில் உயிரை விடுகிறான்.

தாய்மார்கள் கதறி அழ வேண்டும் என்று எடுக்கப்பட்ட படம். பல்லடத்தில் ஒரு தியேட்டரில் சில நாட்கள் ஓடியது. அதற்கு வந்ததும் ஒரே ஒரு விமர்சனம். அதில் அந்தத் தியேட்டரின் இடைவேளை போண்டாவைப் பாராட்டியிருந்தார்கள்.

படம் ஓடாததை ஆத்தப்பன் மறந்துவிட்டார். மனைவி பெரியாத்தாள் அதைப் பார்க்காததைத்தான் அவரால் மறக்க முடியவில்லை. அவள் இன்றுவரை அந்தப் படத்தில் ஒரு காட்சியைக்கூடப் பார்த்ததில்லை. காரணம், படத்தின் நடுவில் வரும் கல்யாணம்.

“நான் ஊட்ல உக்காந்திருக்கைல, நீங்க சாமளாபுரத்துக் கோயில்ல வெச்சு இன்னொருத்திக்குத் தாலி கட்டுவீங்க. அதை நான் டிக்கெட் எடுத்துப் போயிப் பாக்கோணுமாக்கும்?”

“அது நடிப்பு, பெரியாத்தா.”

“தாலியுமா?”

வருஷத்துக்கு ஒருமுறை, நல்ல நாள் பார்த்து, “ஒருக்கா பாத்துத்தான் தொலையேன்” என்று கெஞ்சுவார். ஒரு பொங்கலன்று அவள் மனமிறங்கி ஒரு நிபந்தனை வைத்தாள். “செரீங்க. நம்ம ஒறம்பரை இல்லாத வெளியாளு, நம்ம கம்பெனில சம்பளம் வாங்காத ஆளு, ஒருத்தரு இந்தப் படத்தப் பாருங்கன்னு எழுதட்டும். அன்னிக்குப் பாக்கறேன்.” ஆத்தப்பனுக்குத் தெரிந்தவர்கள் எல்லாருமே உறவினர்களாகவோ சம்பளம் வாங்குகிறவர்களாகவோ இருந்தார்கள். நிபந்தனை அப்படியே கிடந்தது.

போன வருஷம் விடிவு வந்தது. காணாமற்போன பழைய படங்களைத் தேடியெடுத்து, துடைத்து, டிஸ்க்காக வெளியிடும் சென்னைக் கம்பெனி ஒன்று அவரைத் தொடர்புகொண்டது. குடோனில் பனியன் வேஸ்ட் மூட்டைகளுக்கு நடுவே கிடந்த நெகடிவை வாங்கிப் போனார்கள். கீறலையும் அழுக்கையும் எடுத்து, பளபளப்பான அட்டையில் ப்ளூ-ரே டிஸ்க்காகத் திருப்பி அனுப்பினார்கள். இனி யாராவது அதைப் பார்த்து எழுத வேண்டும். விசாரித்ததில், பழைய படங்களின் டிஸ்க்குகளை விமர்சனம் செய்கிறவன் திருப்பூரில் ஒரே ஒருவன்தான் இருந்தான்: தரணீதரன், கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. அவனுக்கு ஒரு டிஸ்க் அனுப்பிவைக்கப்பட்டது.

ஊரே போனில் படம் பார்க்கும் காலத்தில் டிஸ்க் வாங்கிப் பார்ப்பவன் என்பதால் ஹாஸ்டலில் அவனைக் கொஞ்சம் மரியாதையோடு ஒதுக்கிவைத்திருந்தார்கள். அவன் நடத்தும் இணையப் பக்கத்துக்கு ‘டிஸ்க் செக்கிங்’ என்று பெயர். விடுமுறையில் ஒரு கம்பெனியின் செக்கிங் டேபிளில் நின்றபோது கற்றுக்கொண்ட பாஷையிலேயே விமர்சனமும் எழுதுவான். சாயம் போகாத கலர், இரண்டு இடத்தில் தையல் விட்ட சவுண்டு, அளவுக்குப் பொருந்தாத சப்டைட்டில் என்று போகும்.

ஆத்தப்பன் காப்பியை ஆறவிட்டுவிட்டு அந்த விமர்சனத்தைப் படித்தார்.

“கஞ்சிக்கு வழியில்லாத நெசவாளி, படம் முழுக்கத் தங்க வாட்ச் கட்டியிருக்கிறார். அம்மாவுக்கு மருந்து வாங்கக் காசில்லை என்று அழும்போது அதில் மணி பார்க்கிறார். மேஜர் டிபெக்ட். அழத் தொடங்கும்போது விக்கின் வகிடு இடது பக்கம் இருக்கிறது. அழுது முடிக்கும்போது வலது பக்கம் போய்விடுகிறது. துக்கம் அவ்வளவு பெரியது என்று எடுத்துக்கொள்ளலாம். வில்லன் சிரிக்க ஆரம்பித்தால் அடுத்த காட்சி தொடங்கிய பிறகும் சிரித்துக்கொண்டிருக்கிறார். கதாநாயகன் செத்த பிறகு எச்சில் விழுங்குகிறார். ஒரு கொசுவையும் விரட்டுகிறார். காங்கேயம் காளை ஒன்று வருகிறது, அது மட்டும் நடித்திருக்கிறது. டிஸ்க்கில் படம் கண்ணாடி மாதிரி இருப்பதால் இத்தனையும் துல்லியமாகத் தெரிகின்றன. கட்டாயம் வாங்கிப் பாருங்கள். மதிப்பீடு: எக்ஸ்போர்ட் ரிஜெக்ட்.”

கடைசி வரியில் இருந்த சொல் கண்ணில் பட்டதும், அதற்கு முந்தைய வரி அவர் கண்ணிலிருந்து மறைந்துவிட்டது.

கம்பெனிக்குப் போனதும் கந்தவேலைக் கூப்பிட்டார். கந்தவேல் அன்று கட்டிங் மாஸ்டர், படத்தில் வில்லன். இன்று புரொடக்‌ஷன் மேனேஜர். அவன் போனை வாங்கி, இரண்டு முறை படித்து, கண்ணாடியைக் கழற்றினான்.

“மொதலாளி, இது திட்டலீங்க. ரிப்போர்ட்டு.”

“ரிஜெக்ட்டுன்னு போட்டிருக்கான்டா!”

“அதானுங்க ரிப்போர்ட்டு. மேஜர் எது, மைனர் எதுன்னு பாயின்ட்டு பாயின்ட்டா குடுத்திருக்கான். வெளிநாட்டு பையர்கிட்ட இருந்து இப்பிடி வந்தா நாம என்ன பண்ணுவோம்? உக்காந்து அழுவமா? ஆல்ட்ரேசன் பண்ணிப்போட்டு, ரீ-இன்ஸ்பெக்‌ஷனுக்குக் கூப்பிடுவோம்.”

ஆத்தப்பனின் முகம் தெளிந்தது. தொழிலுக்கு வந்த நாளிலிருந்து செய்துவருவதுதான். குறை சொன்ன இடத்தைப் பிரித்து, சரிசெய்து, தேய்த்து மடித்து, இன்ஸ்பெக்டரைத் திரும்பக் கூப்பிட்டு, நல்ல சாப்பாடு போட்டால் பாஸ் ஆகாத சரக்கே கிடையாது. சினிமா மட்டும் என்ன கொம்பா முளைத்தது?

காங்கேயம் ரோட்டில் கல்யாண வீடியோக்களை எடிட் செய்யும் அந்தோணிராஜ் வரவழைக்கப்பட்டான். அவன் முன்னால் விமர்சனத்தை வைத்தார்கள்.

“வாட்ச்ச கம்ப்யூட்டர்ல அழிக்க முடியுங்களா தம்பி?” என்றார் ஆத்தப்பன்.

“கையோட சேத்தி வேணா அழிக்கலாமுங்க.”

“கையில்லாம நான் எப்படித் தறி ஓட்டறது?”

“அப்ப வாட்ச் வர்ற சீனெல்லாம் எடுத்தற வேண்டீதுதானுங்க.”

எடுத்தார்கள். வகிடு மாறும் காட்சிகள் அதற்குப் பின்னால் போயின. கல்யாணக் காட்சியில் வகிடு நடுவில் இருந்தது. அதை ரிப்போர்ட்டில் சொல்லவில்லை என்றாலும், முன்னெச்சரிக்கையாக அதையும் எடுத்தார்கள். கந்தவேல் பக்கத்திலேயே நின்று, “மொதலாளி, என்ற சிரிப்பு நீளம்னுதான் சொல்லியிருக்கான், சரியில்லைன்னு சொல்லலீங்க” என்று மூன்று முறை வாதாடியும் சிரிப்பு போய்விட்டது. மரணம் முழுவதும் போனது. கடைசியில் மிஞ்சியது அரை மணி நேரத்துக்கும் குறைவு: பெயர்கள், ஒரு சூரிய உதயம், தறி தனியாக ஓடும் காட்சி. காளை வரும் இடங்கள் அனைத்தும் தேறின.

“இப்ப ஒரு நூல் பிசிறு இல்லீங்க” என்றான் அந்தோணிராஜ்.

ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டல் வாசலுக்குக் கார் போனது. வெளிநாட்டு பையரின் ஆட்களுக்குச் செய்வதுபோலவே வாசலில் இளநீர், உள்ளே ஏசி, சமையலறையில் வெள்ளாட்டுக் கறி. ஒல்லியாக, தூக்கத்திலிருந்து எழுந்து வந்தவன்போன்ற முகத்தோடு தரணீதரன் வந்து சோபாவின் விளிம்பில் உட்கார்ந்தான். எதற்காகக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்பது அவனுக்குச் சொல்லப்படவில்லை. அடிப்பதற்கு முன்னால் இளநீர் கொடுப்பார்களா என்று யோசித்தபடியே குடித்தான்.

“திருத்தியாச்சு தம்பி. பாத்துப்போட்டுச் சொல்லுங்க” என்று ஆத்தப்பன் டிஸ்க்கைப் போட்டார்.

சூரியன் உதித்தது. தறி ஓடியது. காளை வந்து திரும்பிப் பார்த்துவிட்டுப் போனது. மறுபடியும் தறி ஓடியது. முற்றும் என்று போட்டதும் பையன் இளநீரைக் கீழே வைத்தான்.

“ஏனுங் தம்பி, பாஸுங்களா?”

“ஃப்ரெஷ் பீஸுங்கய்யா.”

ஆத்தப்பன் சோபாவின் கையில் ஓங்கி அடித்தார். “கேட்டியா பெரியாத்தா! ஃப்ரெஷ் பீஸாம்!”

“அதுதானுங்க எங்க பேஜ்லயே கடைசி ரேங்க்கு” என்றான் பையன், யாரோ தவறிவிட்ட செய்தியைச் சொல்வதுபோல. “அதுல குறையும் இல்லீங்க. படமும் இல்லீங்க. இதை எதுக்குங்க இப்பிடிப் பண்ணிப்போட்டீங்க?”

“நீதான கண்ணு ரிஜெக்ட்டுன்னு எழுதுன?”

“பாராட்டித்தானுங்க எழுதுனேன்!”

“ரிஜெக்ட்டுங்கறது பாராட்டா? எந்த ஊர்ல?”

“திருப்பூரத் தாண்டுனா எல்லா ஊர்லயுந்தானுங்க. சென்னைல போர்டு வெச்சு விக்கறாங்க, திருப்பூர் எக்ஸ்போர்ட் ரிஜெக்ட்டுன்னு. எக்ஸ்போர்ட் பாஸ்னு எழுதுனா ஒருத்தனும் கடைக்குள்ள வர மாட்டான். எங்கியோ பெரிய எடத்துக்குப் போகோணும்னு உசுரக் குடுத்துச் செஞ்ச பீஸுங்க. ஒரு ஓட்டை விழுந்து திரும்பி வந்ததுனால நம்ம கைக்குக் கெடைச்சுது. எங்க பேஜ்ல அதுக்கு மேல ரேங்க் இல்லீங்கய்யா. இதுவரைக்கும் ரெண்டு படத்துக்குத்தான் குடுத்திருக்கறேன்.”

“அழுவறதுக்கு எடுத்த படம் தம்பி அது.”

“தெரியுமுங்க. சிரிக்கறதுக்குன்னு எடுத்திருந்தா ஒருத்தனும் சிரிச்சிருக்க மாட்டான்.”

“எத்தன பேருடா சிரிச்சீங்க?” ஆத்தப்பனின் குரல் இறங்கியிருந்தது.

“ஹாஸ்டல்ல எங்க மாடி முழுக்கங்க. சத்தம் கேட்டுக் கீழ இருந்தும் வந்துட்டாங்க. வார்டன் திட்டறதுக்கு வந்தாரு, அவரும் உக்காந்துட்டாரு. தறி கூண்டுல ஏறுனப்ப எல்லாரும் எந்திரிச்சு நின்னோமுங்க.”

ஆத்தப்பன் எழுந்தார். அவர் படத்துக்காக ஒரு கூட்டம் எழுந்து நின்றது இதுதான் முதல்முறை. ஆனாலும் அது கோபப்பட வேண்டிய இடம் என்றே அவருக்குத் தோன்றியது. “சாப்ட்டுப் போங்க தம்பி. டிரைவரு கொண்டுபோயி உட்டுப்போடுவாப்ல” என்றார், நெஞ்சு எரிந்தாலும் மரியாதை குறையாமல்.

சாப்பாட்டு மேசையில் பையனுக்குக் கறி போட்டபடி பெரியாத்தாள் கேட்டாள்: “ஏஞ்சாமி, நீங்க எங்களுக்கு ஒறம்பரை ஆகோணுமா?”

“இல்லீங்கம்மா.”

“இவரு கம்பெனில வேலை கீலை கேட்டு வெச்சிருக்கீங்களா?”

“இல்லீங்கம்மா. இனிமேலு கேட்டாலும் குடுக்க மாட்டாருங்க.”

“கட்டாயம் பாருங்கன்னு எழுதுனது நீங்கதானா?”

“ஆமாங்க.”

“அப்பச் செரி. இன்னொரு கரண்டி போட்டுக்கங்க.”

பையன் கிளம்பிப்போனதும் அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து டிவிக்கு எதிரில் உட்கார்ந்தாள். “போடுங்க” என்றாள்.

முப்பது வருஷமாகக் கேட்டது கிடைக்கும்போது, அது இந்த விதமாகவா கிடைக்க வேண்டும்? திருத்திய டிஸ்க்கை எடுத்தார்.

“அந்த மாட்டுப் படம் வேண்டாமுங்க. அந்தத் தம்பி எழுதுன படத்தப் போடுங்க.”

“பெரியாத்தா, அது ரிஜெக்ட்டு.” தன் படத்தைத் தன் வாயாலேயே அப்படிச் சொல்லிவிட்டதில் திடுக்கிட்டார்.

“இந்த ஊட்ல ரிஜெக்ட் ஆகாதது எதுங்க இருக்குது? நான் போட்டிருக்கற நைட்டி ஜெர்மனிக்குப் போகோணும்னு கெளம்பித் திரும்புனது. நீங்க போட்டிருக்கற ஜட்டிய டென்மார்க்காரன் வேண்டாம்னுட்டான். கிழிஞ்சா போச்சு? போடுங்க.”

போட்டார். படம் தொடங்கியது. அவர் திரையைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்தார். வாட்ச்சில் மணி பார்த்த இடத்தில் அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். வகிடு மாறியதும் முந்தானையை எடுத்துவிட்டாள். கந்தவேல் சிரிக்க ஆரம்பித்தபோது அவளும் ஆரம்பித்தாள். அவன் நிறுத்தவில்லை, அவளும் நிறுத்தவில்லை. ஆத்தப்பன் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தார். இருந்தாலும் அவள் எழுந்து போகவில்லை என்பதையும் கவனித்துக்கொண்டே இருந்தார்.

பிறகு சாமளாபுரத்துக் கோயில் வந்தது. மேளம் ஒலித்தது. பெரியாத்தாளின் சிரிப்பு நின்றது. ஆத்தப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

“நிறுத்துங்க.”

நிறுத்தினார்.

“சித்த பின்னால ஓட்டுங்க.”

ஓட்டினார். திரை முழுக்க இரண்டு கைகள் ஒரு பெண்ணின் கழுத்தில் தாலி முடிந்துகொண்டிருந்தன.

“யாரு கையி இது?”

“என்ற கைதான்.”

“இத்தன வருசமா உங்க கைக்குச் சோறு போட்டவ நானு. இது உங்க கையில்லீங்க. வாட்ச்சக் காணோம். பெருவெரல் நகம் ரண்டாப் பொளந்திருக்குது பாருங்க, கட்டிங் மெசின்ல உட்டது. இது நம்ம கந்தவேலு கையி!”

ஆத்தப்பன் டிவிக்கு அருகில் போய்க் குனிந்து பார்த்தார். பல்லடத்துத் தியேட்டரில் அந்த இடம் ஒரே இருட்டாகத்தான் தெரிந்தது. சென்னைக்காரர்கள் துடைத்த துடைப்பில் இப்போது நகத்தின் பிளவுக்குள் இருந்த அழுக்குக்கூடத் தெரிந்தது. அதுவுமில்லாமல், இந்தக் காட்சி வரும்போதெல்லாம் அவர் அடுத்து வரப்போகும் தன் முகத்துக்காகவே காத்திருந்தாரே தவிர, கையை ஒருநாளும் பார்த்ததில்லை.

கந்தவேலுக்குப் போன் போட்டார்.

“டேய், படத்துல நீ யாருக்காச்சும் தாலி கட்டுனியா?”

“மத்தியானம் நீங்க ஊட்டுக்குச் சோத்துக்குப் போயிட்டீங்க மொதலாளி. லொகேசன் சோறு உங்களுக்குச் சேராது. வெளிச்சம் போகுதுன்னு டைரக்டரு குதிச்சாரு. கையி மட்டுந்தானேன்னு...”

“ஏன்டா இத்தன நாளாச் சொல்லல?”

“வில்லன் எப்பிடிங்க தாலி கட்டறது? கதை கெட்டுப்போயிருமில்லீங்களா?” பிறகு குரலைத் தாழ்த்தினான். “மொதலாளி, இதை என்ற ஊட்டுக்காரிகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க. உங்க ஊட்ல நடந்ததையெல்லாம் நான் பாத்திருக்கறேன்.”

பெரியாத்தாள் சோபாவில் சாய்ந்து, சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “நான் பண்ணுன சோத்தத் திங்கறதுக்குன்னு தாலியக் கட்டாம வந்தீங்களா? அட கெரகமே. அப்ப நான் சும்மாவா இத்தன வருசம் கோவிச்சுட்டு இருந்தேன்?”

“நான் என்னத்தக் கண்டேன்?” என்றார் ஆத்தப்பன். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், மீசை ஒத்துழைக்கவில்லை.

அதே வேகத்தில் வாசலுக்கு வந்து இன்னொரு எண்ணைத் தட்டினார்.

“தம்பி, ஆத்தப்பன் பேசறேன். ஹாஸ்டல் போயிச் சேந்துட்டீங்களா? உங்க ரிப்போர்ட்ல ஒரு பாயின்ட் உட்டுப்போச்சு.” இன்ஸ்பெக்டர் கண்ணுக்குத் தப்பிய குறையைத் தன் வாயால் எடுத்துச் சொன்னது, அவர் தொழில் வாழ்க்கையிலேயே அதுதான் முதல்முறை. “கல்யாண சீன்ல தாலி கட்டறது நானில்லீங்க. வில்லன்!”

மறுமுனையில் பையன் கட்டிலிலிருந்து துள்ளி எழுந்தது கேட்டது.

“அய்யா” என்றான், “அப்பக் கடைசில நீங்க செத்துப்போறது வில்லன் பொண்டாட்டி மடிலயா... அடங்கொன்னியா. இதுக்கு என்கிட்ட ரேங்க்கே இல்லீங்களே. மறுபடியும் வரட்டுங்களா?”

“வாங்க, வாங்க. கறி மிச்சமிருக்குது.”

உள்ளே ரிமோட்டை எடுத்துப் படத்தைக் கடைசிவரை வேகமாக ஓட்டிவிட்டிருந்த பெரியாத்தாளின் குரல் வந்தது.

“ஏனுங், போனை வெச்சுப்போட்டு வெரசா வாங்க. நீங்க சாகப்போறீங்க!”